12 லட்சம் வரை வரி இல்லையாமே, இனி எல்ஐசி எதற்கு?

கேள்வி: 2025 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட் வந்த நாளிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பஞ்சாயத்து. என் கணவர் திருச்சியில் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வருடச் சம்பளம் 13,20,000 (கம்பெனி போடும் பிஎஃப் தனி), அடிப்படைச் சம்பளம் மாதம் 55,000. வீட்டுக்கடன் பாக்கி 25 லட்சம், இன்னும் 15 வருடம், வட்டி 8.75 சதவீதம். எல்ஐசி பாலிசி இரண்டுக்கும் சேர்த்து வருடம் 42,000, எட்டாவது படிக்கும் மகளுக்குச் செல்வமகள் திட்டத்தில் 24,000 கட்டுகிறோம். எங்களுக்கு மருத்துவக் காப்பீடு 18,000, கூடவே இருக்கும் அத்தைக்கு (கணவரின் அம்மா) 32,000. இதுவரை கழிவுகள் கிடைக்கும் பழைய வரி முறைதான்.

"இனிமேல் 12 லட்சம் வரைக்கும் வரியே கிடையாது, எல்ஐசியை சரண்டர் பண்ணுங்க, வரியில் மிச்சமாகிற காசில் கார் எடுங்க" என்கிறார் கொழுந்தன். 8.75 லட்சம் சம்பளத்தோடு ஷேரில் குறுகிய காலத்தில் 2 லட்சம் வரை சம்பாதிக்கும் என் தம்பி, "மொத்தமே 12 லட்சத்துக்குள்ளதானே, எனக்கு ஒரு பைசா வரி வராது" என்கிறான். பேங்கில் அத்தைக்கு 11 லட்சம் எஃப்டி இருக்கிறது. அதில் பிடித்த பணம் திரும்ப வருமா என்று தினமும் கேட்கிறார். அந்த எஃப்டியை என் பெயருக்கு மாற்றினால் நல்லது என்றும் ஒருவர் சொன்னார். இதற்கு நடுவில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா, "எங்களுக்கு அதுல என்னங்க இருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எதைத்தான் நம்புவது?

பதில்: முதலில் உங்கள் கணவரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 1 சாயங்காலம் தொடங்கி டிவியில் பேசிய அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு கருத்து. ஆளும் கட்சிக்கு அது நடுத்தர வர்க்கத்தின் பட்ஜெட், நம் ஊர்க் கட்சிகள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டை மறந்த பட்ஜெட். சனிக்கிழமையாக இருந்தும் அன்று திறந்து வைத்த பங்குச் சந்தை, கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே முடிந்தது. அந்த விவாதங்கள் தேவையானவைதான், ஆனால் அவற்றிலிருந்து உங்கள் வீட்டுக் கணக்கைப் போட முடியாது. அதை நாமே போடுவோம்.

கொழுந்தனார் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த 12 லட்சம் என்பது புதிய வரி முறைக்கு மட்டும், அதுவும் 2025 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்கு. 2025 மார்ச் 31-ல் முடியும் வருடத்துக்கு ஏற்கெனவே இருக்கும் கணக்குதான். இந்த வருடக் கணக்கைப் பாருங்கள். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, பிஎஃப், காப்பீடு போன்றவற்றுக்கான 80சி பிரிவில் 1,50,000, மருத்துவக் காப்பீடு 50,000, வீட்டுக்கடன் வட்டி 2,00,000 போக 8,70,000 மிச்சம். அதற்கு வரி, அதன் மேல் செஸ் எனும் கூடுதல் வரி சேர்த்து 89,960. புதிய முறையில் 75,000 கழிவு மட்டும்தான், வரி 92,560 வருகிறது. பழைய முறையில் 2,600 ரூபாய் குறைவு. அதனால் கம்பெனியில் கேட்டிருக்கும் காப்பீட்டு ரசீது, வீட்டுக்கடன் சான்றிதழ் எல்லாவற்றையும் இந்த மாதமே ஒழுங்காகக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். "இனி எதற்கு ரசீது" என்று விட்டவர்களுக்கு மார்ச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள்.

அடுத்த வருடத்துக்கு வருவோம். புதிய முறையில் 13.20 லட்சத்தில் 75,000 போனால் 12,45,000. 12 லட்சத்தைத் தாண்டிவிட்டீர்கள். "12.75 லட்சம் சம்பளம் வரை வரி இல்லை" என்பது உண்மைதான், ஆனால் அதற்கு மேலே போனால் 4 லட்சத்திலிருந்தே படிப்படியாக வரி தொடங்கிவிடும். 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15 சதவீதம். இதன்படி உங்களுக்கு 66,750 வரவேண்டும். வெறும் 45,000 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு 66,750 வரியா என்று கேட்பீர்கள். அந்த அநியாயம் நடக்காமல் இருக்க, 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு போனதோ அதைவிட வரி அதிகமாகாமல் ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். எனவே வரி 45,000, செஸ்ஸோடு 46,800. இப்போது கட்டும் 89,960-ஐவிட 43,160 குறைவு. மாதத்துக்கு 3,600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு இந்த பட்ஜெட் தந்தது இதுதான். குறைவு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த 45,000-ஐப் பாருங்கள். 12 லட்சத்துக்கு மேல் உங்கள் கணவர் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரியாகப் போகிறது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. சம்பளத்தில் 45,000 ரூபாயைக் கம்பெனி தன் பங்காக என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் போட ஒத்துக்கொண்டால், அது புதிய முறையிலும் கழிவு. அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை இப்படிப் போடலாம், உங்களுக்கு அது 92,400, ஆக இடம் இருக்கிறது. வரிக்குரிய வருமானம் சரியாக 12 லட்சத்தில் வந்து நிற்கும், வரி பூஜ்யம். 46,800 வரி கட்டுவதற்குப் பதில் 45,000 உங்கள் பெயரிலேயே சேர்கிறது. கம்பெனி சம்பள அமைப்பை மாற்றித் தர வேண்டும், எல்லாக் கம்பெனியும் தராது. ஹெச்ஆரிடம் மார்ச்சிலேயே கேட்டுவிடுவது நல்லது. அந்தப் பணம் பல வருடம் கைக்கு வராது, வரும்போதும் ஒரு பகுதியை ஓய்வூதியமாகத்தான் எடுக்க முடியும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இதில் ஒரு திருப்பம் உண்டு, ஏப்ரல் இன்க்ரிமென்ட்! 10 சதவீதம் கூட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 14,52,000. கழிவு போக 13,77,000. அந்தச் சலுகைக் கோட்டைத் தாண்டிவிட்டதால் முழு வரியும் வரும்: 90,012. இப்போது கட்டுவதும் கிட்டத்தட்ட அதேதான்! பட்ஜெட்டால் ஒன்றுமே ஆகவில்லை என்று அப்போது உங்கள் கணவர் சொல்வார். அது சரியல்ல, இந்த வருட விகிதத்தில் புதிய முறையிலேயே 1,20,000-க்கு மேல் கட்டியிருப்பார். ஆனால் அந்த 45,000 என்பிஎஸ் கணக்கு அப்போது பலிக்காது, போடும் தொகைக்கு 15 சதவீதமும் செஸ்ஸும் மட்டும் மிச்சமாகும். அதனால் இன்க்ரிமென்ட் எவ்வளவு என்று தெரிந்த பிறகு என்பிஎஸ் தொகையை முடிவு செய்யுங்கள்.

இனி எல்ஐசி. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட இடம் இதுதான். "வரிச்சலுகை இல்லாவிட்டால் எல்ஐசி எதற்கு" என்கிறார் கொழுந்தனார். ஆனால் அந்த எல்ஐசி உங்களுக்கு இதுவரை வரியில் எதையும் மிச்சப்படுத்தவே இல்லை. கணக்கைப் பாருங்கள். சம்பளத்தில் பிடிக்கும் பிஎஃப் 12 சதவீதம், வருடத்துக்கு 79,200. வீட்டுக்கடன் இஎம்ஐ சுமார் 25,000, அதில் வட்டி போக அசலில் கழிவது வருடம் 78,000 வரை இருக்கும். இரண்டும் சேர்ந்தாலே 1.57 லட்சம். 80சி-யின் உச்சவரம்பு 1.5 லட்சம். பிஎஃப்பும் அசலும் அதை நிரப்பிவிட்டன. எல்ஐசி 42,000, செல்வமகள் 24,000 இரண்டுமே வரிக்கணக்கில் நுழையாமல் வெளியேதான் நின்றன. பிப்ரவரி மாதம் ஏஜென்ட் வந்து "டாக்ஸ் சேவிங்" என்று சொல்லி விற்கும் பாலிசிகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்பது என் அனுபவம். 80சி-யில் இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, ஏஜென்ட்டும் சொல்வதில்லை.

ஆக, பட்ஜெட்டுக்கும் உங்கள் எல்ஐசிக்கும் சம்பந்தமே இல்லை. அது நல்ல பாலிசியா என்பது தனிக் கேள்வி, பட்ஜெட் வராமல் இருந்தாலும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இரண்டு பாலிசியையும் எடுத்து இரண்டு எண்களைப் பாருங்கள்: எத்தனை வருடம் கட்டியாகிவிட்டது, இறந்தால் வரும் தொகை எவ்வளவு. பாதிக்கு மேல் கட்டி முடித்த எண்டோமென்ட் (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த) பாலிசியை இப்போது சரண்டர் செய்வது பெரும்பாலும் நஷ்டம், முடித்துவிடுங்கள். மூன்று நான்கு வருடம் மட்டுமே கட்டிய நீண்ட காலப் பாலிசியாக இருந்தால், பிரீமியத்தை நிறுத்தி, கட்டிய அளவுக்குக் குறைந்த தொகையோடு பாலிசி தொடரும்படி பெய்டு-அப் ஆக்கிவிடுவது ஒரு வழி. கிளை அலுவலகத்தில் சரண்டர் மதிப்பு, பெய்டு-அப் மதிப்பு இரண்டையும் எழுதி வாங்கி, பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வாட்ஸ்அப் பார்த்து அல்ல.

அதைவிட அவசரம் வேறொன்று. வருடம் 42,000 கட்டும் எண்டோமென்ட் பாலிசிகள் தரும் காப்பீட்டுத் தொகை, 25 லட்சம் கடனுக்குக்கூட எட்டாது. நாளைக்கு உங்கள் கணவருக்கு ஏதாவது ஆனால் கடனும் மகள் படிப்பும் உங்கள் தலையில். மாதம் 3,600 மிச்சம் என்று சொன்னேன் அல்லவா, அதில் முதல் செலவு ஒரு டேர்ம் இன்சூரன்ஸ் (சேமிப்பு கலக்காத, இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு). உடம்பில் சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள், மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் தகராறு வரும்.

செல்வமகளைத் தொடவே வேண்டாம். 2025 ஜனவரி-மார்ச் காலாண்டுக்கு வட்டி 8.2 சதவீதம், புதிய முறைக்கு மாறினாலும் அந்த வட்டிக்கு வரி கிடையாது. போட்ட பணத்துக்குக் கழிவு கிடைக்காது என்பது மட்டும்தான் மாற்றம், அந்தக் கழிவுதான் உங்களுக்கு முன்பும் கிடைக்கவில்லையே. மகள் பத்தாவது முடித்த பிறகோ 18 வயதான பிறகோ படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். இன்னும் சில வருடம்தான்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. 80சி என்று ஒன்று இருந்ததால், மனசில்லாமலாவது நம் வீடுகளில் வருடக் கடைசியில் ஏதோ கொஞ்சம் சேர்ந்தது. புதிய முறையில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. ஏப்ரல் சம்பளத்தில் மூவாயிரம் கூட வரும், ஆகஸ்டுக்குள் அது எங்கே போனது என்று தெரியாது. சம்பளம் வந்த மறுநாளே தானாகப் போகும்படி ஒரு ஆர்டி (வங்கியில் மாதத் தொடர் வைப்பு) அல்லது எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாத முதலீடு) போட்டுவிடுங்கள்.

காரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 8 லட்சம் கடன், 9 சதவீதம், 7 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 12,900. மிச்சமாவது 3,600. மீதி 9,300-ஐயும் பெட்ரோலையும் கொழுந்தனார் தருவாரா என்று கேளுங்கள்.

வீட்டுக்கடனில் வந்த சின்ன நல்ல சேதி பட்ஜெட்டில் வந்ததல்ல. 2025 பிப்ரவரி 7 அன்று ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கடன் தரும் ரெப்போ வட்டி விகிதத்தை 6.5-லிருந்து 6.25 சதவீதமாகக் குறைத்தது, கிட்டத்தட்ட ஐந்து வருடத்தில் முதல் குறைப்பு. உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்ததாக இருந்தால் இஎம்ஐ மாதம் சுமார் 370 ரூபாய் குறையும், அல்லது வங்கி இஎம்ஐயை அப்படியே வைத்துத் தவணைக் காலத்தைக் குறைக்கும். இரண்டாவதையே கேட்டு வாங்குங்கள். வங்கி தானே நிர்ணயிக்கும் எம்சிஎல்ஆர் வட்டியில் உள்ள பழைய கடன் என்றால் ரெப்போவுக்கு மாற்ற எவ்வளவு கட்டணம் என்று விசாரியுங்கள்.

உங்கள் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் சீக்கிரமே சொல்லிவிடுங்கள். 8.75 லட்சம் சம்பளத்தில் கழிவு போக 8 லட்சம், கூட ஷேரில் 2 லட்சம், மொத்தம் 10 லட்சம்தான். ஆனால் 12 லட்சம் வரை வரியைப் பூஜ்யமாக்கும் 87ஏ தள்ளுபடி சம்பளம், வட்டி போன்ற சாதாரண வருமானத்துக்குத்தான். ஒரு வருடத்துக்குள் விற்ற ஷேர் லாபத்துக்குத் தனி விகிதம், 20 சதவீதம், அதற்குத் தள்ளுபடி பொருந்தாது. சம்பளத்துக்கு வரி பூஜ்யம், ஷேருக்கு 40,000, செஸ் சேர்த்து 41,600. ஒரு வருடம் தாண்டி விற்றிருந்தால் 1.25 லட்சம் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம்தான். பட்ஜெட் உரையிலேயே இந்த விதிவிலக்கு சொல்லப்பட்டது. ஃபார்வர்டு செய்தவர்கள் அந்த வரியை வெட்டிவிட்டார்கள்.

அத்தைக்கு: பேங்க் பிடித்தது வரி அல்ல, முன்கூட்டியே பிடித்து வைக்கும் டிடிஎஸ். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வரும். 11 லட்சத்துக்கு ஏழரை சதவீதம் என்றால் வட்டி 82,500, மூத்த குடிமக்களுக்கு இதுவரை 50,000-க்கு மேல் போனால் பிடித்தார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 1 லட்சம், ஆக இனி பிடிக்க மாட்டார்கள். இந்த வருடம் பிடித்ததற்கு ஜூலைக்குள் ரிட்டர்ன் போடுங்கள். வேறு பேங்கிலும் எஃப்டி இருந்தால் அங்கங்கே ஃபார்ம் 15எச் (எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழி) கொடுத்துவிடுங்கள்.

அந்த எஃப்டியை உங்கள் பெயருக்கு மாற்றச் சொன்னவர் எதற்காகச் சொன்னார் என்று புரியவில்லை. அத்தைக்கே வரி வராதபோது மாற்றி என்ன லாபம்? இதே யோசனை வேறு வடிவத்திலும் சுற்றுகிறது: கணவர் சம்பளத்தை மனைவி பெயரில் எஃப்டி போட்டால் மனைவிக்குத் தனியாக 12 லட்சம் வரை வரியில்லையாம். கணவர் கொடுத்த பணத்தில் வரும் வட்டியை கணவர் வருமானத்தில்தான் சேர்ப்பார்கள். அம்மாவுக்குக் கொடுத்தால் அப்படிச் சேர்க்க மாட்டார்கள், ஆனால் கொடுத்த பிறகு அது சட்டப்படி அம்மாவின் பணம். நாளைக்கு வாரிசு என்று வரும்போது கொழுந்தனாருக்கும் அதில் பங்கு உண்டு. இதையெல்லாம் பேசி, உயில் எழுதி வைக்கத் தெம்பு இருக்கிற குடும்பங்களுக்கு மட்டும் அந்த வழி.

2025 பிப்ரவரி 13-ல் மக்களவையில் புதிய வருமான வரி மசோதா வந்ததைப் பார்த்து, எல்லாம் மறுபடி மாறிவிட்டது என்று குரூப்பில் யாராவது போட்டிருப்பார்கள். சட்டத்தின் மொழியை எளிமையாக்கும் மசோதா அது, மேலே போட்ட கணக்கு அதனால் மாறாது.

கடைசியாக, வேலைக்கு வரும் அக்காவின் கேள்வி. வருமான வரி கட்டாதவர் வீட்டில் 12 லட்சம் எதையும் மாற்றாது. அவர் கட்டும் வரி சோப்பிலும் பிஸ்கட்டிலும் இருக்கிறது, அதை 2017 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு செய்கிறது, பட்ஜெட் அல்ல. பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, ஆனால் அதன் கலால் வரியை அரசு எந்த நாளிலும் மாற்றலாம். 2021 நவம்பரிலும் 2022 மே மாதமும் குறைத்தது பட்ஜெட் நாளில் அல்ல. சிலிண்டர் விலையை எண்ணெய் நிறுவனங்கள் அறிவிக்கின்றன. பட்ஜெட் நேரடியாகத் தொடுவது இறக்குமதி வரியை. இந்த முறை புற்றுநோய், அரிய நோய்களுக்கான 36 உயிர்காக்கும் மருந்துகளுக்கு அதை முழுதாக நீக்கியிருக்கிறார்கள். தேவைப்படும் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். தங்கத்துக்கு 2024 ஜூலையில் 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள், உலக விலை ஏறி அந்தக் குறைப்பை விழுங்கிவிட்டது.

அவர் கையில் மாதாமாதம் தெரியும் பணம் பெரும்பாலும் மாநிலத்திலிருந்து வருவது: மகளிர் உரிமைத் தொகை 1,000, டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம், ரேஷன். அதனால் தமிழ்நாடு பட்ஜெட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். மத்திய பட்ஜெட்டில் அவருக்குப் பொருந்தக்கூடியது ஒன்று உண்டு. அவர் வீட்டில் யாராவது உணவு டெலிவரியோ, ஆப் டாக்சியோ ஓட்டினால், அவர்களை அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்து அடையாள அட்டையும் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீடும் தரப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். அதற்கு ஆதார் எண்ணோடு இணைந்த மொபைல் நம்பர் வேண்டும். நம்பர் மாறியிருந்தால் பதிவு செய்வதற்கு முன் சரிசெய்து வைக்கச் சொல்லுங்கள், பலருக்கு அங்கேதான் தடங்கல் வருகிறது.